மாடியறையைத் திறந்துவிடுங்கள்

மதிப்பிற்குரிய நகர மன்றத் தலைவர் அவர்களுக்கும், நூலகப் பொறுப்பைக் கவனிக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். இதையெல்லாம் ஆங்கிலத்தில் உங்களுக்கு ஏற்கெனவே எழுதி அனுப்பினேன். "தங்கள் கருத்து எங்களுக்கு முக்கியமானது" என்று இயந்திரம் ஒன்று உடனே பதில் அனுப்பியது. அதற்குப் பிறகு பேச்சு மூச்சில்லை. மனிதர்கள் சிலராவது படிக்கட்டும் என்று இப்போது என் அப்பாவின் மொழியான தமிழில், எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதுகிறேன்.

விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். நூலக மாடியில் இருந்த உள்ளூர் வரலாற்று அறையைத் தற்காலிகமாக மூடுவதாகச் சொன்னீர்கள். பள்ளிச் சேர்க்கைப் பதிவேடுகள், பஞ்சாலைக் கூலிப் புத்தகங்கள், கல்லறைப் பதிவேடுகள், பழைய உள்ளூர்ப் பத்திரிகைகளின் மைக்ரோஃபிலிம் சுருள்கள் எல்லாம் ஊருக்கு வெளியே ஏதோ ஒரு கிடங்கில் கிடக்கின்றன. இப்போது அறையையே வாடகைக்கு விடப்போகிறீர்களாம். அதைச் செய்யாதீர்கள், அறையைத் திறந்துவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

என் பெரியம்மாவுக்கு வயது 87. அம்மாவின் அக்கா, வட இங்கிலாந்தின் பஞ்சாலைப் பகுதியான லங்காஷயரில், இதே ஊரில் பிறந்து வளர்ந்தவர். மருத்துவராக இங்கே வந்து அம்மாவை மணந்துகொண்ட அப்பா, மூத்தவரைப் பெயர் சொல்லி அழைக்கவே கூடாது என்று எங்களைப் "பெரியம்மா" என்று கூப்பிடப் பழக்கினார். அவரும் அதை மறுப்பின்றி ஏற்றுக்கொண்டார். 15 வயதில் தறிக்கூடத்துக்குப் போனவர். ஒரே கூரையின் கீழ் நூற்றுக்கணக்கான தறிகள் அடிக்கும் இரைச்சலில், பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் காதில் விழாது. அதனால் நெசவுப் பெண்கள் குரலே எழுப்பாமல், உதட்டைப் பெரிதாக அசைத்து, முகத்தாலும் கையாலும் பேசிக்கொள்வார்கள். என் சிறு வயதில் பாட்டியும் பெரியம்மாவும் அடுக்களையில் அப்படித்தான் பேசுவார்கள். பிள்ளைகள் கேட்கக் கூடாத வம்பு முழுவதும் எங்கள் கண்ணெதிரிலேயே சத்தமில்லாமல் நடந்து முடிந்துவிடும். தறி பெரியம்மாவின் காதை எடுத்துக்கொண்டது. உதடு பார்த்துப் புரிந்துகொள்ளும் வித்தை மட்டும் மிஞ்சியிருக்கிறது.

பெரியம்மாவுக்கு முன்னால் ஓர் ஆண் குழந்தை பிறந்து, சில வாரங்களில் இறந்துபோனது. 1930களின் நடுப்பகுதி. ஆலையில் பாதி நாள் வேலை இல்லாத காலம். கல் நடக் காசு ஏது? நகராட்சிக் கல்லறையில், முன்பின் தெரியாதவர்களோடு சேர்த்துப் பொதுக் குழியில் புதைத்தார்கள். பாட்டி கடைசிவரை அந்த இடத்தைக் காட்டவில்லை. கண்ணை மூடுவதற்குள் தன் அண்ணன் கிடக்கும் இடத்தைப் பார்த்துவிட வேண்டும் என்பது பெரியம்மாவின் ஆசை.

மக்கள்தொகைக் கணக்கில் தேடுங்கள் என்பார்கள். 1931 கணக்கெடுப்பின் தாள்கள் 1942 டிசம்பரில் நடந்த தீவிபத்தில் எரிந்துவிட்டன. 1941இல் போரால் கணக்கெடுப்பே நடக்கவில்லை. 1951 கணக்கு 2052 வரை திறக்கப்படாது. இடையில் எஞ்சியது 1939 செப்டம்பரில் போருக்காக எடுத்த பதிவேடு ஒன்றுதான். 1921 கணக்கெடுப்புக்கும் 1939 பதிவேட்டுக்கும் நடுவில் பிறந்து இறந்த குழந்தை இவை எதிலும் வராது. காசு கட்டினால் பிறப்பு, இறப்புச் சான்றிதழ்கள் கிடைக்கும். எங்கே புதைத்தார்கள் என்று அவற்றில் இருக்காது. அதைச் சொல்வது உங்கள் கிடங்கில் தூங்கும் கல்லறைப் பதிவேடு மட்டுமே.

அந்த அறையில் இருந்த நூலகர், பெரியம்மா வந்தால் வெளிச்சம் தன் முகத்தில் விழும்படி ஜன்னல் பக்கம் திரும்பி, எதிரே உட்கார்ந்து, நிதானமாக உதட்டசைத்துப் பேசுவார். புதைத்த ஆண்டு எது என்பதுவரை கண்டுபிடித்துவிட்டார். குழி எண்ணை அடுத்த வாரம் பார்த்துவிடலாம் என்றார். அடுத்த வாரம் பஸ் பிடித்துப் போனபோது கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. "வரலாற்றுத் தகவல் வேண்டுவோர் தொலைபேசியில் தொடர்புகொள்ளவும்." அதற்குக் கீழே, கைப்பேசியில் படம் பிடிப்பதற்கான கறுப்புக் கட்டம்.

ஐயா, இந்த ஊர் ஆலையில் காது போன ஒரு பெண்ணிடம் போன் செய்யுங்கள் என்கிறீர்கள். சார்பாக நான் பேசினால், பதிவேட்டைக் கோருபவர் நேரடியாகப் பேச வேண்டும் என்கிறார்கள். விதி அப்படியாம்.

எல்லாம் இணையத்தில் கிடைக்கிறது என்பது உங்களுடைய இன்னொரு பதில். பாட்டி பாதி நேரப் பிள்ளையாக இருந்தவர். 12 வயதில் ஒரு வாரம் காலையில் ஆலை, பிற்பகலில் பள்ளி. மறுவாரம் மாறி வரும். 1918 கல்விச் சட்டம் வந்துதான் அந்த முறைக்கு முடிவு கட்டியது. சேர்க்கைப் பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே ஊதா மையில் அந்தக் குறிப்பை நானே பார்த்திருக்கிறேன். அது எந்த இணையத்தில் இருக்கிறது? அப்பா விக்கிரமசிங்கபுரத்துக்காரர், ஆலைச் சங்குக்கு எழுந்து வளர்ந்தவர். 1931 செப்டம்பரில் காந்தி இதே லங்காஷயரின் டார்வெனுக்கு வந்து, இந்தியர்கள் அந்நியத் துணியைப் புறக்கணித்ததால் வேலை இழந்த தொழிலாளர்களைச் சந்தித்த செய்தியைத் தேடித்தான் அவர் முதன்முதலில் அந்த மாடி ஏறினார். எங்கள் குடும்பத்தின் இரண்டு பக்கமும் அந்த ஒரே அறைக்குள் இருந்தது.

விளக்குக் கம்பங்களில் நீங்கள் தொங்கவிட்டிருக்கும் "நம் பாரம்பரியம், நம் பெருமை" பதாகைகளையும் பார்த்தேன். சால்வை போர்த்தி, மரக்கட்டைச் செருப்பு போட்ட ஆலைப் பெண்களின் படம். அழகாகத்தான் இருக்கிறது. அசல் படத்தின் பின்பக்கத்தில் அவர்கள் ஒவ்வொருவரின் பெயரும் பென்சிலில் எழுதியிருக்கிறது, அதுவும் கிடங்கில்தான். பெருமை கம்பத்தில், பெயர் பெட்டியில்! மூடிய ஆலை சொகுசுக் குடியிருப்பாகிவிட்டது, அங்கே தறி ஓட்டியவர்களின் வாரிசு ஒருவரும் அதில் வாடகைக்குக்கூடப் போக முடியாது. பக்கத்து ராச்டேலில் 1844இல் கூட்டுறவுக் கடை தொடங்கிய நெசவாளர்கள் உள்ளிட்ட தொழிலாளர்கள், உபரியில் நூற்றுக்கு இரண்டரையை எடுத்து நூலகத்துக்கும் படிப்புக்கும் ஒதுக்கியவர்கள். வயிற்றுக்கே போதாத கூலியில் அவர்களால் முடிந்தது. உங்களால் ஒரு நூலகருக்கு இரண்டு நாள் சம்பளம் தர முடியவில்லை.

கோபம் சற்று மிஞ்சிவிட்டது, பொறுத்தருளுங்கள். நிதி நெருக்கடி உண்மை என்பதும், மேலிடத்திலிருந்து வரும் பணம் சுருங்கிவிட்டது என்பதும் எனக்குத் தெரியும். வருவோர் எல்லோருக்கும் முழுமையான, திறமையான நூலகச் சேவை தர வேண்டும் என்று 1964ஆம் ஆண்டுச் சட்டம் சொல்வது உங்களுக்கும் தெரியும்.

ஆகவே தாழ்மையுடன் மறுபடியும் கேட்டுக்கொள்கிறேன். மாடியறையை வாடகைக்கு விடும் முடிவைக் கைவிட்டு, வாரத்தில் இரண்டு நாளாவது திறந்துவிடுங்கள். பதிவேடுகளை ஊருக்குள் கொண்டுவாருங்கள். முகம் பார்த்துப் பேச ஒரு நூலகரை அங்கே உட்கார வையுங்கள். அதற்குக் காலம் ஆகும் என்றால், கல்லறைப் பதிவேட்டின் அந்த ஒரு தொகுதியை மட்டுமாவது கீழ்த்தளத்துக்கு அனுப்பிவையுங்கள். பெரியம்மா வந்து பார்த்துக்கொள்வார்.

உங்கள் பதிலைத் தபாலில், பெரிய எழுத்தில் அனுப்பக் கோருகிறேன். தயவுசெய்து தொலைபேசியில் அழைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
இவ்வூர் நெசவுக்காரி ஒருவரின் பேத்தி