ஓட்டச் சங்கத்தின் ஆண்டறிக்கை, 2025–26

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், ஞாயிற்றுக்கிழமை காலை வேலைகளை ஒதுக்கி வைத்துவிட்டு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். 2025 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரை மதுரையில் நம் ஓட்டச் சங்கம் செய்தவற்றை இந்தப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

முதலில் இரங்கல். 89 வயதில் முதல் மாரத்தான் ஓடியவரும், 2011இல் டொரான்டோவில் 100 வயதில் 42.195 கிலோமீட்டரையும் முடித்தவருமான ஃபௌஜா சிங், கடந்த ஜூலை மாதம் பஞ்சாபில் தன் சொந்தக் கிராமத்தருகே வாகனம் மோதி இறந்துபோனார். அவருக்கு வயது 114. அந்த வார ஞாயிறு காலை தெப்பக்குளம் படிக்கட்டில் இரண்டு நிமிடம் நின்று அஞ்சலி செலுத்தினோம். மறுவாரமே, இருட்டில் ஓடுகிற எல்லோரும் ரிஃப்ளெக்டர் பட்டை போட்டுக்கொண்டுதான் வர வேண்டும் என்று செயற்குழு தீர்மானித்தது. 40 பட்டைகள் வாங்கிக் கொடுத்தோம். போட்டு வருகிறவர்கள் பாதிப் பேர்தான். மீதிப் பேர் வீட்டில் தேடி எடுத்து, நாளையிலிருந்து போட்டு வர வேண்டுகிறேன்.

ஞாயிறு கூட்டோட்டம் 52 வாரங்களில் 49 வாரம் நடந்தது. மழையால் மூன்று வாரம் நின்றது. சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கிய மே 12, திங்கட்கிழமை அன்று ஓட்டத்தை நிறுத்திவிட்டு நீர்மோர் கொடுத்தோம். சுதந்திர தினத்தன்று 5 கிலோமீட்டர் ஓட்டம் நடந்தது. டிசம்பரில் தல்லாகுளத்திலிருந்து அழகர்கோவில் வரை ஓடிப் போய், சாமி கும்பிட்டு, பஸ்ஸில் திரும்பினோம். அனுப்பானடிப் பக்கம் உறுப்பினர் ஒருவரை நாய் கடித்தது. நாய்க்கடித் தடுப்பூசியை 0, 3, 7, 28ஆம் நாள் என்று நான்கு தவணையாகப் போட்டு முடித்து, இப்போது நன்றாக ஓடுகிறார். ஜனவரியில் சென்னை மாரத்தானுக்கு 14 பேர் போய் வந்தார்கள். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இனி, வேலைக்கு ஓடியே போகிறவர்கள் குளித்து உடை மாற்றிக்கொள்ளச் சங்கம் வாடகைக்கு எடுத்திருக்கும் விளக்குத்தூண் அறை. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. வாட்ஸப் குழுவில் இது பற்றி நிறையப் பேசினார்கள். என்னிடம் நேரில் கேட்டவர்கள் மூன்று பேர்.

நான் இந்தச் சங்கத்தில் சேர்ந்து பதினோரு வருடம் ஆகிறது. வருடா வருடம் நடப்பதைப் பார்த்துக்கொண்டு வருகிறேன். அக்டோபரில் புதிதாக இருபது பேர் வருவார்கள். நவம்பரில் தெப்பக்குளத்தைச் சுற்ற இடம் இருக்காது. ஜனவரியில் மெடலோடு போட்டோ வரும். பிப்ரவரியில் பழைய ஆட்கள் பத்துப் பன்னிரண்டு பேர் மட்டும் ஓடிக்கொண்டிருப்போம். ஏன் வரவில்லை என்று கேட்டால், ‘நேரமில்லை சார்’ என்பார்கள். அது பொய் இல்லை. நம் உறுப்பினர்களில் பாதிக்கு மேல் கடையிலும் அலுவலகத்திலும் வேலை செய்கிறவர்கள். காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும், ஒன்பதரைக்குள் கடையில் நிற்க வேண்டும், ராத்திரி வீடு திரும்பவே ஒன்பதரை. இதற்கு நடுவில் ஒரு மணி நேரத்தைப் புதிதாக எங்கிருந்து கொண்டுவருவது?

சென்ற ஆண்டு ஏப்ரலில் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். தெப்பக்குளத்துக்கு அப்பால் இருக்கும் வீடுகளிலிருந்து காமராசர் சாலை வழியாக விளக்குத்தூண் ஏறக்குறைய நாலு கிலோமீட்டர். பள்ளி நேரத்தில் முனிச்சாலைச் சிக்னலைத் தாண்டி பைக்கில் போய்ச் சேர இருபது நிமிடம் ஆகிறது. பேசிக்கொண்டே ஓடக்கூடிய மெதுவான வேகத்தில் இருபத்தெட்டு நிமிடம். வித்தியாசம் எட்டு நிமிடம்தான். போகவும் வரவும் ஓடினால் ஒரு நாளைக்கு எட்டு கிலோமீட்டர். ஐந்து நாளில் நாற்பது. தனியாக நேரம் ஒதுக்காமலே, அரை மாரத்தானுக்கு, அதாவது 21 கிலோமீட்டருக்கு, வேண்டிய அடித்தளம் வந்துவிடுகிறது. வேலைக்குப் போகிற நேரமே ஓடுகிற நேரம், அவ்வளவுதான் விஷயம்.

இது நான் கண்டுபிடித்தது அல்ல. இங்கிலாந்தின் ரான் ஹில் ஜவுளி வேதியியலில் முனைவர் பட்டம் வாங்கி, அந்தத் துறையிலேயே வேலை பார்த்தவர். வேலைக்கு ஓடியே போய் ஓடியே திரும்பியவர், 1970இல் பாஸ்டன் மாரத்தானை வென்றார். 1964 டிசம்பரிலிருந்து 2017 ஜனவரி வரை ஒரு நாள்கூட அவர் ஓடாமல் இருந்ததில்லை. குறைந்தது ஒரு மைலாவது ஓடிவிடுவார். அதே பாஸ்டனை 2018இல் வென்ற யூக்கி கவாவுச்சி அப்போது ஜப்பானின் சைதாமாவில் ஒரு பள்ளி அலுவலகத்தில் முழுநேர ஊழியர். இவர்களெல்லாம் வேலையை விட்டுவிட்டு ஓடியவர்கள் இல்லை.

நம் ஊரில் ஒரு சிக்கல் உண்டு. வியர்வை. மார்கழி மாதத்திலும் நாலு கிலோமீட்டர் ஓடினால் பனியன் பிழிகிற மாதிரி ஆகிவிடும். சித்திரையைச் சொல்லவே வேண்டாம். அந்தக் கோலத்தில் ஜவுளிக்கடையில் போய் நின்று வாடிக்கையாளருக்குப் பட்டுப்புடவையைப் பிரித்துக் காட்ட முடியுமா? ஆகவே குளிக்க ஓர் இடம் வேண்டும். விளக்குத்தூணுக்குப் பின்பக்கச் சந்தில் மாடியில் ஓர் அறையும் குளியலறையும் மாதம் 2,500 ரூபாய்க்குக் கிடைத்தன. செயற்குழு ஒப்புதலோடு ஜூலை முதல் பதினோரு மாத ஒப்பந்தம் போட்டோம்.

‘குளிக்கிற ரூமுக்குச் சங்கப் பணமா?’ என்று குழுவில் கேட்டவருக்கு இங்கே பதில் சொல்கிறேன். அந்த அறையைக் காலை ஏழே முக்காலுக்கு ஒருமுறை வந்து பாருங்கள். சுவரில் ஒரு பலகை, அதில் 20 ஆணிகள். ஒவ்வோர் ஆணிக்குக் கீழும் டேப் ஒட்டிப் பெயர் எழுதியிருக்கிறது. திங்கட்கிழமை மட்டும் பைக்கில் வந்து அந்த வாரத்துக்கு வேண்டிய சட்டை பேன்ட்டைத் தேய்த்து மாட்டிவிட்டுப் போவார்கள். செவ்வாயிலிருந்து வெறும் கையோடு ஓடி வருவார்கள். இரண்டு வாளி, இரண்டு மக்கு. ஒருவர் உள்ளே குளிக்கும்போது இன்னொருவர் ஃபேனுக்கு அடியில் தலை துவட்டிக்கொண்டிருப்பார். வந்த உடனே குளித்தால் வியர்வை நிற்காது, பத்து நிமிடம் உட்கார்ந்து உடம்பு ஆறிய பிறகுதான் குளிக்க வேண்டும் என்பதை முதல் வாரத்திலேயே கற்றுக்கொண்டோம். ஈரத் துணியைக் காயப்போட மொட்டை மாடியில் கொடி கட்டியாயிற்று. கேரியரைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது என்பதால், அந்தப் பக்கமாகப் பள்ளிச் சவாரி போகிற ஆட்டோக்காரத் தம்பி எல்லார் வீட்டுக் கேரியரையும் வாங்கி வந்து அறை வாசலில் வைத்துவிடுகிறார். அவருக்கு மாதம் ஒரு தொகை, பயன்படுத்துகிறவர்களே பகிர்ந்து கொடுக்கிறார்கள். சங்கத்துக்குச் செலவு இல்லை.

பெண் உறுப்பினர்கள் நிலைமை வேறு. ஆரம்பத்தில் அதை நான் யோசிக்கவில்லை. அது என் தவறு. பள்ளி ஆசிரியையாக இருக்கும் நம் உறுப்பினர் ஒருவர்தான் சொன்னார்: ‘ஒரே ஒரு தாழ்ப்பாள், கண்ணாடி இல்லை, புடவை கட்ட இடம் இல்லை, நாங்கள் எப்படி வருவது?’ அப்புறம் உள்பக்கம் நல்ல தாழ்ப்பாளும் ஆளுயரக் கண்ணாடியும் வைத்து, ஏழு மணியிலிருந்து ஏழரை வரை பெண்களுக்கு மட்டும் என்று ஒதுக்கினோம். இப்போது அந்த ஆசிரியை வாரத்தில் மூன்று நாள் வருகிறார். சமையலை முடித்துவிட்டுத்தான் ஓட வேண்டும் என்பதால் அவர் நாலு மணிக்கே எழுந்துகொள்கிறார். அவர் ஒருவர் வருகிறார் என்பதற்காகவாவது அந்த அறை இருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

இப்போது சென்னைக்கு வருகிறேன். போன 14 பேரில் 5 பேர் அறையைப் பயன்படுத்துகிறவர்கள், 9 பேர் ஞாயிறு மட்டும் வருகிறவர்கள். அந்த 9 பேரில் நால்வருக்கு 16 கிலோமீட்டருக்கு மேல் முழங்கால் பிடித்துக்கொண்டு நடந்துதான் முடிக்க முடிந்தது. அவர்களைக் குறை சொல்லவில்லை. நவம்பரில் தொடங்கி ஜனவரிக்குள் 21 கிலோமீட்டர் என்றால் எலும்பும் தசைநாரும் என்ன செய்யும்? மூச்சு சீக்கிரம் பழகிவிடும். தசைநார் பழக மாதக்கணக்கில் ஆகும். வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தூரத்தைக் கூட்டக் கூடாது என்று ஒவ்வொரு ஞாயிறும் தொண்டை வற்றச் சொல்கிறேன். அறையைப் பயன்படுத்துகிற அந்த ஐவரில் ஒருவர் ஜவுளிக்கடையில் பன்னிரண்டு மணி நேரம் நின்றே வேலை பார்க்கிறவர், வயது 52. ஒரே நேரத்தில் 15 கிலோமீட்டருக்கு மேல் அவர் ஓடிப் பழகியதே இல்லை. 2 மணி 31 நிமிடத்தில் ஓடி முடித்து, அன்று ராத்திரியே ரயில் ஏறி, மறுநாள் கடையில் நின்றார். செவ்வாய்க்கிழமை காலை வழக்கம்போல் ஓடி வந்தார். எனக்கு அந்தச் செவ்வாய்க்கிழமைதான் பெரிதாகத் தெரிகிறது.

அடுத்து, மனவருத்தத்தோடு சொல்ல வேண்டியது. பதிவேட்டில் 58 உறுப்பினர்கள். இந்த ஆண்டுச் சந்தா செலுத்தியவர்கள் 31 பேர். சந்தா வருடத்துக்கு 600 ரூபாய், அதாவது மாதம் 50. சிலருக்குக் குடும்பச் சூழ்நிலை உண்டு; அவர்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள், அவர்களிடம் நானும் கேட்கவில்லை. நான் சொல்வது மற்றவர்களை. பத்தாயிரம் ரூபாய்க்கு ஷூ வாங்குகிறோம், பந்தய நுழைவுக் கட்டணம், ரயில், லாட்ஜ் என்று செலவழிக்கிறோம். ஞாயிறுதோறும் சங்கம் வைக்கிற தண்ணீரையும் வாழைப்பழத்தையும் சாப்பிடுகிறோம். இரண்டு வருடமாகச் சந்தா கட்டாதவர்களும் இதில் உண்டு. பெயர்களை நான் வாசிக்கப் போவதில்லை. ரசீதுப் புத்தகம் பொருளாளர் மேசையில் இருக்கிறது.

அக்டோபரில் கூட்டிய அரையாண்டுக் கூட்டத்துக்குக் குறைந்தது 20 பேர் வேண்டும்; வந்தவர்கள் 13. முக்கால் மணி நேரம் காத்திருந்துவிட்டுக் கலைந்தோம். அறையைப் பற்றி விவாதிக்கத்தான் அந்தக் கூட்டத்தைக் கூட்டியிருந்தேன். அன்று வராதவர்கள் ராத்திரி குழுவில், யாரைக் கேட்டு அறை எடுத்தீர்கள் என்று எழுதியது எனக்கு வலித்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

வரவு செலவு விவரத்தைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். சுருக்கமாகச் சொன்னால், சந்தாவும், அறையைப் பயன்படுத்தும் 11 பேர் மாதம் தருகிற கூடுதல் 100 ரூபாயும் சேர்ந்து வாடகையைச் சமாளித்துவிட்டன. மற்றச் செலவுகளுக்குப் பழைய கையிருப்பிலிருந்து ஓரளவு எடுக்க வேண்டியிருந்தது. அறைக்கான முன்பணம் வீட்டுக்காரரிடம் இருக்கிறது. காலி செய்யும்போது திரும்பி வரும். தாழ்ப்பாள், கண்ணாடி, ஃபேன் ரிப்பேர் ஆகியவற்றுக்கு நான் போட்ட பணத்தைச் சங்கத்தின் கடனாக எழுத வேண்டாம் என்று பொருளாளரிடம் சொல்லிவிட்டேன்.

ஆலோசனைகள் வழங்கிய தலைவர் அவர்களுக்கும், கணக்குகளைப் பராமரித்த பொருளாளருக்கும், தணிக்கை செய்து கொடுத்தவருக்கும், நீர்மோருக்குத் தயிர் கொடுத்த உறுப்பினருக்கும், விடிகாலை நாலே முக்காலுக்கே கடை திறந்து நம் பைகளையும் சாவிகளையும் பார்த்துக்கொள்ளும் டீக்கடை அண்ணனுக்கும், நம் நேரங்கெட்ட அலாரத்தைச் சகித்துக்கொள்ளும் குடும்பத்தினர் அனைவருக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி.

வரும் ஆண்டைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுகிறேன். அறை ஒப்பந்தம் மே மாதத்தோடு முடிகிறது. வாடகையை 3,000 ஆக்க வேண்டும் என்கிறார் வீட்டுக்காரர். அந்த இடத்துக்கு அது அதிகம் இல்லை. 45 பேராவது சந்தா கட்டினால் அறையை வைத்துக்கொள்ளலாம். இப்போது இருப்பதுபோல் 31 பேர் என்றால் முடியாது. அப்படி முடியாமல் போனால், ஞாயிறு ஓட்டத்தை மட்டும் நடத்துகிற சங்கத்துக்குச் செயலாளராக என்னைவிட நன்றாகச் செய்யக்கூடியவர்கள் இங்கேயே இருக்கிறார்கள். பொறுப்பைச் சந்தோஷமாக ஒப்படைப்பேன். அறை நிற்கும் என்றால், நானும் நிற்கத் தயார். அடுத்து மாட்டுத்தாவணிப் பக்கம் இதேபோல் ஓர் இடம் பார்க்க வேண்டும் என்ற எண்ணமும் இருக்கிறது. அந்தப் பக்கம் வேலை பார்க்கிற ஏழெட்டுப் பேர் நம் பதிவேட்டில் இருக்கிறார்கள்.

தைப்பூசத்தன்று மீனாட்சியம்மன் தெப்பத்தில் சுற்றி வருகிற குளத்தை நாம் வருடம் முழுவதும் சுற்றுகிறோம். பனையூர்க் கால்வாயில் வைகைத் தண்ணீர் வந்து குளம் நிறைந்து நிற்பதால், சில வருடங்களாக விடிகாலைக் காற்றே மாறியிருக்கிறது. முன்பு இதே குளத்துக்குள் பையன்கள் கிரிக்கெட் ஆடியதைப் பார்த்தவர்கள் நாம். பிப்ரவரிக்குப் பிறகும் அந்தக் காற்றை வாங்க வாருங்கள். வெளிச்சாலையில் ஒரு சுற்று ஒன்றேகால் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். இரண்டு சுற்று ஓடிவிட்டுப் போனாலும் போதும்.

சந்தாவை மே 15க்குள் பொருளாளரிடம் கட்டி ரசீது வாங்கிக்கொள்ள வேண்டுகிறேன். அறையில் ஒன்பது ஆணிகள் இன்னும் பெயரில்லாமல் இருக்கின்றன. வேண்டும் என்கிறவர்கள் சந்தா கட்டும்போதே சொல்லிவிடுங்கள்; அன்று சாயங்காலமே பெயர் எழுதி ஒட்டிவிடுகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்,
மதுரை