பள்ளி ஆசிரியர் வையர்ஸ்ட்ராஸ்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்தது. மகளுக்குக் காய்ச்சல் விட்டது கேட்டு எங்களுக்கும் நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. இப்போது பேப்பரை யார் உதவியும் இல்லாமல் படிக்கிறார். பெரியவன் படிப்பை முடித்துவிட்டான், வேலை தேடிக்கொண்டிருக்கிறான்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். வாரம் முழுக்க வகுப்பு, திருத்தும் வேலை, தேர்வுப் பணி என்று இருக்கும் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் உண்மையிலேயே பெரிய கணிதம் செய்ததுண்டா என்று கேட்டிருந்தாய். உண்டு. கார்ல் வையர்ஸ்ட்ராஸ். நாம் பிளஸ் டூ நுண்கணிதத்தில் சொல்லித்தரும் எல்லை, தொடர்ச்சி எல்லாம் இன்று இருக்கும் வடிவத்துக்கு வந்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. எப்சிலான், டெல்டா என்று நம்மைக் கல்லூரியில் படாதபாடு படுத்திய முறையை நிலைநிறுத்தியவரும் அவர்தான். அந்த மனிதர் ஏறக்குறைய 14 வருடம் சின்ன ஊர்ப் பள்ளிகளில் பாடம் நடத்தினார்.

1815இல் ஜெர்மனியின் வெஸ்ட்ஃபாலியா பகுதியில் பிறந்தவர். மகன் அரசு அதிகாரியாக வேண்டும் என்று அப்பாவுக்கு ஆசை. சட்டமும் நிதி நிர்வாகமும் படிக்க பான் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார். பையனுக்கு அதில் மனம் ஒட்டவில்லை. நாலு வருடம் வாள்வீச்சிலும் பீர் குடிப்பதிலும் போயிற்று. ஆனால் அதே காலத்தில் லாப்லாஸ், யாகோபி என்ற பெரிய கணித அறிஞர்களின் நூல்களைத் தனியாக உட்கார்ந்து படித்திருக்கிறார். கடைசியில் பட்டம் வாங்காமலே வீடு திரும்பினார். அந்த வீட்டில் அப்போது என்ன நடந்திருக்கும் என்று நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பிறகு ஆசிரியர் தகுதித் தேர்வுக்காக 1839இல் முன்ஸ்டருக்குப் போனார். அங்கே குடெர்மான் என்ற பேராசிரியர் நீள்வட்டச் சார்புகள் (சைன், கொசைனைவிடச் சிக்கலான ஒரு வகைச் சார்புகள்) பற்றிப் பாடம் நடத்தினார். முதல் வகுப்புக்குப் பதின்மூன்று பேர் வந்தார்கள், அடுத்த வகுப்பில் வையர்ஸ்ட்ராஸ் ஒருவர்தான் மிஞ்சினார் என்று சொல்வார்கள். தேர்வுக்கு அவர் எழுதிய கட்டுரையைப் படித்துவிட்டு, இவர் புகழ்பெற்ற கண்டுபிடிப்பாளர்களின் வரிசையில் சேர்ந்துவிட்டார் என்கிற அளவுக்குக் குடெர்மான் மதிப்புரை எழுதினார். அந்தக் கட்டுரையில் குடெர்மானின் முறைமீதே விமர்சனம் இருந்தது, அப்படியும் மனசாரப் பாராட்டினார். அந்த மதிப்புரையின் முழு வாசகம் வையர்ஸ்ட்ராஸுக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரியவந்தது. அன்றே தெரிந்திருந்தால் உடனே அச்சில் கொண்டுவந்திருப்பேன் என்று பின்னால் சொன்னாராம். ஒரு பாராட்டு உரியவர் காதுக்குப் போகாமல் கோப்புக்குள் கிடந்தால் எத்தனை வருடம் வீணாகும், பார்.

அப்புறம் டாய்ச் க்ரோனே, பிறகு பிரவுன்ஸ்பெர்க். இரண்டு ஊரும் இன்று போலந்தில் இருக்கின்றன. கணிதமும் இயற்பியலும் மட்டும் நடத்தினார் என்று நினைக்காதே. ஜெர்மன், புவியியல், தாவரவியல், கையெழுத்துப் பயிற்சி, உடற்பயிற்சி எல்லாம் அவர் தலையில். பேச்சுத்துணைக்குக் கணிதம் தெரிந்த ஒரு ஆள் இல்லை. அந்த நாட்களின் வெறுமையையும் சலிப்பையும் ராத்திரி வேலை இல்லாவிட்டால் தாங்கியிருக்கவே முடியாது என்று பிற்காலத்தில் எழுதினார். அதைப் படித்தபோது உன் நினைவுதான் வந்தது.

அந்தக் காலத்து பிரஷ்யப் பள்ளிகளில் ஒரு நல்ல வழக்கம் இருந்தது. ஆண்டறிக்கையோடு ஓர் ஆசிரியரின் ஆய்வுக் கட்டுரையையும் சேர்த்து அச்சடிப்பார்கள். பிரவுன்ஸ்பெர்க் பள்ளியின் 1848–49 அறிக்கையில் வையர்ஸ்ட்ராஸ் அபேலியத் தொகையீடுகள் பற்றி, அதாவது நீள்வட்டச் சார்புகளுக்கு அடுத்த படியான விஷயம் பற்றி எழுதினார். ஒருவரும் கவனிக்கவில்லை. பள்ளி ஆண்டறிக்கையில் அப்படியொரு விஷயம் இருக்கும் என்று யார் தேடப்போகிறார்கள்? அதே ஆராய்ச்சியை வளர்த்து அவர் எழுதிய கட்டுரை 1854இல், க்ரெல்லே தொடங்கிய கணித இதழில் வந்தது. அது வெளிவந்ததும் நிலைமை தலைகீழாக மாறியது. கோனிக்ஸ்பெர்க் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. பேராசிரியர் ரிஷெலோ தானே பிரவுன்ஸ்பெர்க் வரை பயணம் செய்து வந்து அந்தப் பட்டத்தை அவர் கையில் கொடுத்தார். அப்போது வையர்ஸ்ட்ராஸுக்கு வயது 38.

இந்தக் கதையை விடாமுயற்சிக்கு உதாரணமாகத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அது போதவில்லை. ரிஷெலோ யாகோபியின் மாணவர். யாகோபி பல வருடம் பாடம் நடத்திய ஊர் கோனிக்ஸ்பெர்க். அந்தக் கட்டுரை எந்தப் பழைய சிக்கலைத் தீர்த்திருக்கிறது என்பது அங்கே இருந்தவர்களுக்குப் பார்த்தவுடன் புரிந்தது. படித்துப் புரிந்துகொள்ள ஆள் இருந்தார்கள் என்பதுதான் விஷயம்.

இதே காலத்தில் ஸ்டெட்டினில் இன்னொரு பள்ளி ஆசிரியர் இருந்தார், ஹெர்மான் கிராஸ்மான். இன்று நாம் வெக்டர் வெளி என்று படிப்பதன் கரு 1844இல் அவர் வெளியிட்ட புத்தகத்தில் இருக்கிறது. வாங்க ஆளில்லாமல் சுமார் 600 பிரதிகள் பழைய காகிதமாகப் போயின. 1847இல் அவர் பல்கலைக்கழக வேலை கேட்டு விண்ணப்பித்தபோது கருத்துக் கேட்கப்பட்டவர் கணிதப் பேராசிரியர் கும்மர். விஷயம் நன்றாக இருக்கிறது, சொல்லியிருக்கும் விதம் சரியில்லை என்று கும்மர் எழுதினார். அதோடு அந்த வாய்ப்பு போயிற்று. கும்மரும் லீக்னிட்ஸ் என்ற ஊரில் பத்து வருடம் பள்ளியில் பாடம் நடத்தியவர்தான். அவரே பின்னால் வையர்ஸ்ட்ராஸை பெர்லினுக்குக் கொண்டுவரப் பாடுபட்டார். ஒரே ஆள், இரண்டு பள்ளி ஆசிரியர்கள், இரண்டு விதமான முடிவு. கிராஸ்மான் கடைசிவரை பள்ளியிலேயே இருந்தார். சமஸ்கிருதம் கற்று ரிக்வேதத்துக்கு அகராதி தொகுத்தார். அதற்காக 1876இல் டூபிங்கன் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. அவர் முயற்சியில் என்ன குறை கண்டுவிட முடியும்?

ஆகவே, தொடர் பின்னங்கள் பற்றி நீ எழுதிவைத்திருக்கும் அந்த நோட்டை அலமாரியில் பூட்டிவைக்காதே. பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. நான் ஒரு தடவை சரிபார்க்கிறேன். பிறகு எண் கோட்பாட்டில் ஆராய்ச்சி செய்கிற இரண்டு பேரிடம் கொடுக்கிறேன். முன்னுரையை மட்டும் திரும்ப எழுது. நீ எதை நிறுவியிருக்கிறாய் என்பது முதல் பக்கத்திலேயே தெரிய வேண்டும்.

பெர்லின் கதையையும் சொல்லிவிடுகிறேன். 1855இல் கோட்டிங்கனில் கணித மேதை காஸ் இறந்தார். அவர் இடத்துக்கு டிரிக்லே என்ற கணிதப் பேராசிரியர் பெர்லினிலிருந்து போனார். டிரிக்லே இடத்துக்கு கும்மர் பிரஸ்லாவிலிருந்து பெர்லின் வந்தார். காலியான பிரஸ்லாவ் இடத்துக்கு வையர்ஸ்ட்ராஸ் விண்ணப்பித்தார், கிடைக்கவில்லை. அவரை பெர்லினுக்கு அழைக்க வேண்டும் என்பதற்காக கும்மரே அங்கே வேறொருவரைப் பரிந்துரைத்தார். 1856இல் பெர்லின் தொழிற்கல்வி நிறுவனத்தில் வேலை கிடைத்தது, அதே வருடம் பல்கலைக்கழகத்திலும் இடம் கிடைத்தது. ஆனால் முழுப் பேராசிரியர் பதவி 1864இல்தான் வந்தது. அதுவரை இரண்டு வேலை. 1861 டிசம்பரில் உடம்பு முற்றிலும் விழுந்துவிட்டது. ஏறக்குறைய ஒரு வருடம் பாடம் நடத்த முடியவில்லை. திரும்பி வந்த பிறகு நாற்காலியில் உட்கார்ந்தபடி சொல்லிக்கொண்டே போவார், ஒரு மாணவர் கரும்பலகையில் எழுதுவார். அப்படி நடந்த வகுப்புகளுக்கு ஒரு கட்டத்தில் இருநூறுக்கு மேற்பட்டவர்கள் வந்தார்கள்.

அச்சில் போடுவதற்கு அவர் அவசரப்படவே இல்லை. புதிதாகக் கண்டதையெல்லாம் வகுப்பில் சொல்லிவிடுவார். மாணவர்கள் எடுத்த குறிப்புகள் கைப்பிரதிகளாகச் சுற்றின. 1878இல் ஹுர்விட்ஸ் என்ற மாணவர் எடுத்த குறிப்பை இன்றும் ஆராய்ச்சியாளர்கள் புரட்டுகிறார்கள். அச்சிட்ட கட்டுரைகளின் எண்ணிக்கையை வைத்து எடைபோட்டிருந்தால் அவர் பாதி மதிப்பெண்கூட வாங்கியிருக்கமாட்டார். இதை எந்தத் தரவரிசைக்காரரிடமும் சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

1870இல் சோஃபியா கோவலெவ்ஸ்கயா என்ற ரஷ்யப் பெண் அவரிடம் படிக்க பெர்லின் வந்தார். பெண் என்பதால் பெர்லின் பல்கலைக்கழகம் வகுப்பில் உட்கார விடவில்லை. வையர்ஸ்ட்ராஸ் முதலில் சில கணக்குகளைக் கொடுத்துப் பார்த்தார். விடைகளைக் கண்டதும் தன் வீட்டிலேயே பாடம் நடத்த ஒத்துக்கொண்டார். நாலு வருடம், ஒரு காசு வாங்காமல். 1874இல் கோட்டிங்கன் அவருக்கு டாக்டர் பட்டம் கொடுத்தது. பத்து வருடம் கழித்து ஸ்டாக்ஹோமில் அவருக்கு வேலை வாங்கிக்கொடுத்தவர் மிட்டாக்-லெஃப்லர், அவரும் வையர்ஸ்ட்ராஸின் மாணவர். 1891இல், 41 வயதில் சோஃபியா இறந்தார். சோஃபியா தனக்கு எழுதிய கடிதங்களை வையர்ஸ்ட்ராஸ் எரித்துவிட்டார். அவருக்கு வையர்ஸ்ட்ராஸ் எழுதியவை மட்டும் இருக்கின்றன.

அந்தக் கடிதங்களில், பெர்லினில் இருந்த இன்னொரு கணித அறிஞரான குரோனெக்கரால் பட்ட வேதனையும் வருகிறது. நெடுநாள் நண்பர்கள். முழு எண்களைத் தவிர மற்றதெல்லாம் சந்தேகத்துக்குரியது என்ற இடத்துக்கு குரோனெக்கர் போய்விட்டார். எல்லை, தொடர்ச்சி இவற்றை ஆராயும் பகுப்பாய்வு என்ற பிரிவின் முடிவுகள் செல்லாது என்று மாணவர்கள் முன்னாலேயே பேசினார். எழுபது வயதில் சுவிட்சர்லாந்துக்குப் போய்விடலாமா என்றுகூட வையர்ஸ்ட்ராஸ் யோசித்தார். தான் போனால் தன் இடத்துக்கு யார் வருவார் என்ற கவலையில் தங்கிவிட்டார். தன் எழுத்துகளைத் தொகுத்து வெளியிடும் வேலையிலும் இறங்கினார். முதல் இரண்டு தொகுதிகளை 1897இல் இறப்பதற்கு முன் பார்த்துவிட்டார்.

இன்னொன்று. 1872இல் பெர்லின் அறிவியல் கழகத்தில் அவர் முன்வைத்த சார்பை என் மாணவர்களுக்குக் காட்டப்போகிறேன். எங்கும் தொடர்ச்சியானது, எந்தப் புள்ளியிலும் வகையிட முடியாதது. கொசைன் அலைகளை ஒன்றின்மேல் ஒன்றாகக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். ஒவ்வொரு அலையும் முந்தியதைவிட உயரத்தில் பாதி, ஆனால் 13 மடங்கு நெருக்கம். உயரம் பாதி பாதியாகக் குறைவதால் கூட்டல் கட்டுக்குள் நிற்கிறது, கோடு எங்கும் அறுபடாது. ஆனால் அடுத்தடுத்த அலைகளின் சரிவு 6.5 மடங்காக ஏறிக்கொண்டே போகிறது. அதனால் எந்தப் புள்ளியிலும் தொடுகோடு வரையவே முடியாது. முதல் மூன்று அலைகளை வரைபடத்தாளில் போட்டுப் பார்த்தேன். மூன்றாவது அலையிலேயே பென்சில் முனை தடித்துத் தெரிகிறது. கம்ப்யூட்டர் இல்லாமல் வகுப்பில் இதைக் காட்ட உனக்கு வழி தோன்றினால் எழுது. அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் நடத்தலாம் என்றிருக்கிறேன்.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்