இடது பக்கம் மட்டும் ஏன் படபடக்கிறது?

அன்புள்ள சேகர்,

அன்றைக்குப் போனில் அரைகுறையாகப் பேசி வைத்துவிட்டோம். காரில் இடது இண்டிகேட்டர் போட்டால் மட்டும் டிக்டிக்கென்று வேகமாகப் படபடக்கிறது என்றாயே, அதற்காக வயரிங்கைப் பிரிக்க யாரிடமும் கொடுத்துவிடாதே. பெரும்பாலும் அந்தப் பக்கம் முன்னாலோ பின்னாலோ இருக்கிற 21 வாட் பல்பு போயிருக்கும். இரண்டும் எரிந்தால் இவ்வளவு கரண்ட் ஓடும் என்று ரிலேக்கு, அதாவது விளக்கை மின்ன வைக்கிற சின்னக் கருவிக்கு, ஒரு கணக்கு உண்டு, ஒன்று போனதும் கரண்ட் குறைகிறது, உடனே அது வேகமாக அடித்து உனக்குச் சொல்கிறது. நல்ல நிலையில் நிமிடத்துக்கு 60 முதல் 120 தடவைக்குள் மின்னும். முன்பு வைத்திருந்தவர் எல்இடி மாட்டியிருந்தாலும் இதேதான், அது இழுக்கிற கரண்ட் அவ்வளவு குறைவு. நாலு இண்டிகேட்டரையும் ஒன்றாக மின்ன வைக்கிற சிவப்பு முக்கோண பட்டனை அழுத்திவிட்டு வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார், எது எரியவில்லை என்று தெரிந்துவிடும். அந்தக் காலத்து வண்டிகளில் இந்த வேலைக்குச் சூடேறி வளைகிற உலோகத் தகடு இருக்கும், அதில் பல்பு போனால் மின்னாமல் அப்படியே எரிந்துகொண்டு நிற்கும்.

சரி, நீ இனி வெளியூர் ஓட்டப் போகிறாய், அதனால் இதையும் எழுதிவிடுகிறேன். சித்திரையில் அறந்தாங்கி ரோட்டில் ஒரு லாரிக்குப் பின்னால் ரொம்ப நேரமாக மாட்டிக்கொண்டு போனேன். லாரியின் வலது இண்டிகேட்டர் மின்ன ஆரம்பித்தது. 'எதிரில் வண்டி இல்லை, ஏறிப் போ' என்று டிரைவர் சொல்கிறார் என நினைத்து வெளியே எடுத்தேன், பாதி தூரம் ஏறினபோது லாரியின் முன்சக்கரம் என் பக்கம் திரும்புவது தெரிந்தது. அவர் நிஜமாகவே வலப்பக்கத்து பெட்ரோல் பங்குக்குள் திரும்பினார். பிரேக்கில் ஏறி நின்றேன், பின்சீட்டில் அம்மா. இன்னும் சிலர் வழிவிடுவதற்கு இடதைப் போடுவார்கள். அதனால் இப்போதெல்லாம் விளக்கை மட்டும் நம்புவதில்லை. பிரேக் லைட் எரிகிறதா, வேகம் குறைகிறதா, வலப்பக்கம் பிரிவு ரோடோ பங்கோ இருக்கிறதா, லாரி இடது ஓரம் ஒதுங்குகிறதா என்று பார்த்துவிட்டு, ஹாரன் கொடுத்துத்தான் ஏறுகிறேன்.

அப்புறம், நாற்சந்தியில் நேரே போவதற்கு நாலு இண்டிகேட்டரையும் போடுகிற பழக்கம் உனக்கு வரவே கூடாது. இடப்பக்கச் சாலையில் நிற்கிறவன் கண்ணுக்கு உன் இடது விளக்கு மட்டும்தான் தெரியும், நீ திரும்புகிறாய் என்று அவன் வண்டியை எடுத்துவிடுவான். மழையில் போட்டுக்கொண்டு ஓட்டினாலும், பல வண்டிகளில் நீ எந்தப் பக்கம் திரும்புகிறாய் என்று காட்டவே முடியாது. வண்டி நின்றுபோனால் போடு, அதற்குத்தான் சாவியை எடுத்த பிறகும் அது எரிகிற மாதிரி வைத்திருக்கிறார்கள்.

அம்மா இப்போது நன்றாக இருக்கிறார், உன்னைக் கேட்டார். பல்பை மாற்றிவிட்டு ஒரு வரி எழுது. பொங்கலுக்குக் காரிலேயே வருகிறாய்தானே?

அன்புடன்,
ரவி