அப்பாவின் இடது கை

பசுமலை, மதுரை
பொங்கல் கழிந்த மூன்றாம் நாள்

அன்புள்ள பிள்ளைக்கு,

அப்பா விழுந்த கதை தம்பி சொல்லித்தான் உனக்குத் தெரிந்தது என்பதில் உனக்கு எவ்வளவு கோபம் என்று அந்த வாட்ஸ்அப் குரலிலேயே விளங்கியது. அப்பா அதை இரண்டு தரம் போட்டுக் கேட்டார். பிறகு "இது உனக்கு வந்தது" என்று போனை என் கையில் தந்துவிட்டுக் கொய்யா மரத்துப் பக்கம் போய்விட்டார். அதனால்தான் கடிதம். போனில் சொன்னால் நீ நடுவில் அழுவாய், நான் பாதியில் விட்டுவிடுவேன்.

நடந்தது இதுதான். டிசம்பர் 20, விடியற்காலையில், தோய்க்கிற கல்லடியில் பாசி வழுக்கி விழுந்தார். இடது கையை ஊன்றியதில் மணிக்கட்டில் மெல்லிய வெடிப்பு. ஆறு கிழமைக்கு மாவுக்கட்டு. தலை அடிபடவில்லை. வீடியோவில் அவர் ஏன் பாஸ்போர்ட் படத்துக்கு இருப்பதுபோல் ஒரு பக்கமாகவே இருக்கிறார் என்று கிறிஸ்மஸ் அன்று கேட்டாயே, அதற்கு இதுதான் காரணம். கட்டுப் போட்ட கையை மேசைக்குக் கீழே வைத்திருந்தார். நானும் போனைக் கொஞ்சம் சரித்துப் பிடித்தேன். பிழை இரண்டு பேரிலும்தான்.

ஆனால் அவர் அந்தக் கல்லடியில் என்ன செய்துகொண்டிருந்தார் என்று யாரும் கேட்கவில்லை. தன் பெனியனைத் தோய்த்துக்கொண்டிருந்தார். நாற்பது வருடம் ஒரு கைக்குட்டைகூடத் தோய்க்காத மனிதர். ஜூனில் யாழ்ப்பாணத்திலிருந்து ஊழியத்துக்கென்று இங்கே வந்து இறங்கிய அன்றே, "இந்த வீட்டில் வேலைக்கு இரண்டு பேர், நீங்களும் நானும்" என்று சொல்லிவிட்டேன். முதலில் சிரித்தார். அப்புறம் அந்த வாரமே சவர்க்காரம் எங்கே என்று கேட்டார்.

"நாள் முழுக்க அப்படி என்னதான் செய்கிறீர்கள்" என்று கேட்டிருக்கிறாய். ஊழியம் என்றால் நீ பிரசங்கத்தையும் மைக்கையும் நினைத்துக்கொள்கிறாய் போலிருக்கிறது. எங்கள் இரண்டு அறை, பிள்ளைகளின் ஹாஸ்டல் வளவுக்குள் கடைசியில் இருக்கிறது. குளியலறை வெளியே. பின் யன்னலைத் திறந்தால் பசுமலைப் பாறை. காலையில் அப்பா முற்றம் கூட்டுகிறார். நான் பிள்ளைகளில் யாருக்குக் காய்ச்சல், யார் சாப்பிடவில்லை என்று பார்க்கிறேன். அவர்கள் பள்ளிக்கூடம் போனதும் வளவில் சத்தம் அடங்கிவிடும். பிறகு நாங்கள் இருவரும் எதிர் எதிரே இருந்து வெங்காயம் உரிப்போம், நாற்பத்தாறு பேருக்கு. மாலை ஆறரை முதல் எட்டரை வரை அவருக்குக் கணக்கு வகுப்பு. அவ்வளவுதான்.

அந்தக் கணக்கு வகுப்பை நீ வந்து பார்க்கவேணும். அவர் "முக்கோணி" என்கிறார், பிள்ளைகள் "முக்கோணம்" என்று திருத்துகிறார்கள். "நாற்பக்கல்" என்றால் ஒருத்திக்கும் விளங்காது, இங்கே அது "நாற்கரம்". முப்பத்தைந்து வருடம் கணிதம் படிப்பித்தவர் இப்போது எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் சொல் படிக்கிறார், கொப்பியில் எழுதியும் வைத்திருக்கிறார். முதல் கிழமை நடந்ததை மட்டும் அவரிடம் ஞாபகப்படுத்தாதே. கோயிலுக்கு நேரமாகிறது என்று வாசலில் நின்று, "எல்லாரும் கெதியாய் வெளிக்கிடுங்கோ" என்று கூப்பிட்டிருக்கிறார். நம்மூரில் வெளிக்கிடுவது என்றால் புறப்படுவது. இங்கே கிராமத்துப் பிள்ளைகளுக்கு 'வெளிக்கு' என்றால் வேறு ஒரு காரியம். வாயைப் பொத்திக்கொண்டு ஓடின பிள்ளைகள் இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். அதேபோல ஒரு சின்னவள் என்னிடம் வந்து, "சார் ரெண்டு நாளா பேசவே இல்ல" என்று கண் கலங்கினாள். அப்பா அதைக் கேட்டுவிட்டு, "நீ ஒரு பிழையும் செய்யவில்லையே, உன்னை ஏன் பேசவேணும்?" என்றார். நமக்குப் பேசுவது என்றால் ஏசுவது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? எனக்கு இங்கே வைத்த பெயர் "சிலோன் அம்மாச்சி".

முதல் இரண்டு மாதம் எனக்குப் பிடிக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டுத் தம்பதி என்று ஞாயிறுக்கு ஞாயிறு ஒவ்வொரு சபையாகக் கூட்டிப்போய் மேடையில் இருத்திப் பொன்னாடை போர்த்தினார்கள். பதினாலு சேர்ந்துவிட்டது. ஒரு இடத்தில், பெயர் வேண்டாம், கூட்டம் முடிந்ததும் ஒருவர் அப்பாவை ஓரமாகக் கூப்பிட்டு, காம்பவுண்டு சுவருக்கு உங்கள் நாட்டில் யாராவது காசு தருவார்களா என்று கேட்டார். நம் மூன்றரை ரூபாய் போட்டால்தான் இங்கே ஒரு ரூபாய், 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு பென்ஷன் கையில் எவ்வளவு சுருங்கிப்போனது என்று அப்பா அவருக்கு விளக்கமாகச் சொன்னாராம். அதற்குப் பிறகு அந்தப் பக்கத்திலிருந்து அழைப்பு இல்லை. சால்வைகளை வெட்டி யன்னலுக்குத் திரை தைத்திருக்கிறேன். சரிகைக் கரையோடு அறை கல்யாண வீடு மாதிரி இருக்கிறது.

அப்பாவுக்கு மேடை கிடைத்தால் ஒரே கதைதான், நீ சின்ன வயதில் கேட்ட அதே கதை. இந்த ஊருக்கு அமெரிக்க மிஷன் வந்ததே 1834-இல் யாழ்ப்பாணத்திலிருந்துதான், டாட், ஹொய்சிங்டன் என்ற மிஷனரிகள் இருவரும் அங்கிருந்து கடல் தாண்டி வந்தவர்கள், கூடவே நம்மூர்ப் பொடியன்மார் உதவிக்கு வந்தார்கள், அந்த ஹொய்சிங்டன் பிறகு வட்டுக்கோட்டைச் செமினரிக்கு அதிபராகத் திரும்பிப் போனார் என்று. 1947-இல் தென்னிந்தியத் திருச்சபை உண்டானபோது யாழ்ப்பாணமும் அதில் ஒரு பேராயமாகச் சேர்ந்தது, ஆகவே நாங்கள் வெளியாட்கள் இல்லை என்று முடிப்பார். சபையார் தலையாட்டுவார்கள். அடுத்த நிமிடம், "ஐயா, உங்க சிலோன்ல சர்ச்சு இருக்கா?" என்று கேட்பார்கள்.

என் வேலையில் ஒன்றே ஒன்றைப் பெருமையாகச் சொல்லலாம். ஆஸ்பத்திரியில் வேலை செய்தவள் என்றாலும் எனக்கு இங்கே ஊசி போட உரிமை இல்லை, போடவும் மாட்டேன், ஆனால் கண் இருக்கிறதே. பெரிய பிள்ளைகள் பல பேர் வெளிறிப்போய், படி ஏறினால் மூச்சு வாங்கினார்கள். பள்ளிக்கூடத்தில் வாரம் ஒரு நீல இரும்பு மாத்திரை கொடுக்கிறார்கள். ஆனால் கொய்யா மரத்தடியைக் கிளறினால் அதில் பாதி அங்கே கிடக்கிறது. வெறும் வயிற்றில் விழுங்கிக் குமட்டியவர்கள் பிறகு துப்பக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். விழுங்கியவர்களும் வந்தவுடன் ஒரு டம்ளர் டீ குடிக்கிறார்கள். தேயிலைச் சாயம் இரும்பை உடம்பில் சேரவிடாது. தேத்தண்ணி நாட்டிலிருந்து வந்த நானே டீயை ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள் என்று கேட்டபோது வார்டனுக்கு அது பிடிக்கவில்லை. சமையலம்மாவோடு ஒரு மாதம் வாதாடினேன். இப்போது பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அரை நெல்லிக்காயும் உப்பும், டீ அதற்குப் பிறகு. முருங்கைக்கீரை வாரம் இரண்டு நாள். மரத்தடியில் மாத்திரை குறைந்திருக்கிறது, அப்பா கூட்டும்போது எண்ணிச் சொல்கிறார்.

பஸ் கதை ஒன்று. இங்கே டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம். நான் ராணி மாதிரி ஏறி இருப்பேன், அப்பா எனக்கும் சேர்த்துக் காசு நீட்டுவார், கண்டக்டர் திருப்பிக் கொடுப்பார். ஒவ்வொரு முறையும் இதே. பெரியார் பஸ் நிலையத்தில் இறங்கிக் காய்கறி வாங்கினால் கடைக்காரர் முதலில் கேட்பது "ஜிபே இருக்கா?" பூக்காரம்மாவிடமும் அந்தக் கட்டம் போட்ட அட்டை இருக்கிறது. நாங்கள் சில்லறை எண்ணுகிற பழங்காலத்து ஆட்கள். பொங்கலுக்கு முதல் நாள் மல்லிகை விலையைக் கேட்டு நான் திரும்பி வரப் பார்த்தேன். "பனிக்காலத்துல பூவு எங்கத்தா வருது?" என்று சொல்லிக்கொண்டே பிள்ளைகளுக்கென்று ஒரு முழம் கூடுதலாக அளந்தாள்.

ஒருநாள் அந்த பஸ்ஸில் தம்பியின் அழைப்பு வந்தது. "ஓம், ஓம், சொல்லு" என்றேன். இரண்டு இருக்கைக்குப் பின்னால் ஒரு அம்மா எழும்பி நின்றார். "நீங்கள் எவடம்?" என்றார், எந்த ஊர் என்று. எனக்குக் கை கால் ஓடவில்லை, பிள்ளை. ஏழு மாதத்தில் அந்தச் சொல்லைக் கேட்டது அதுதான் முதல் முறை. 1990-இல் மன்னாரிலிருந்து படகேறி வந்தவர், முகாமில் இருக்கிறார். பேரன் இன்ஜினியரிங் படிக்கிறான், அவன் பேச்சு முழுக்க "அங்கிட்டு, இங்கிட்டு"தான். அவர் அழவில்லை, சண்டையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. மலிபன் பிஸ்கட் இப்போதும் வருகிறதா என்று கேட்டார். கடைசிப் பாக்கெட் ஒன்று பெட்டியில் இருந்தது, அடுத்த ஞாயிறு கோயிலுக்கு வந்தபோது கொடுத்தேன். ஒன்றைக் கடித்துவிட்டு, "அந்த ருசி இல்லை" என்று மற்றதெல்லாவற்றையும் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டார். போன சனிக்கிழமை அவரோடு சேர்ந்து ஒடியல் கூழ் வைத்தேன். இங்கேயும் இந்த மாதம் தெருவெல்லாம் பனங்கிழங்கு, ஆனால் மஞ்சள் போட்டு அவித்துத் தின்பதோடு சரி. ஒடியலாகக் காயவைத்து இடிப்பதை அறியார்கள். தம்பி அனுப்பிய மா அதோடு தீர்ந்துவிட்டது.

இனி நீ கேட்ட கடைசிக் கேள்வி. "இந்த வயதில் உங்களுக்கு இது தேவையா? இங்கே வந்து பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டு இருக்கலாமே." நியாயமான கேள்விதான், அதற்கு வேதவசனம் சொல்லித் தப்பமாட்டேன். நானும் அப்பாவும் கல்யாணம் கட்டிய நாளிலிருந்து, எனக்கு ஆஸ்பத்திரியில் இரவு வேலை, அவருக்குப் பள்ளிக்கூடம், டியூஷன், சபைக் கமிட்டி. பிறகு இடம்பெயர்வு, உங்கள் படிப்பு, உங்கள் கல்யாணம். வீட்டில் எப்போதும் ஆட்கள். அவரோடு தனியாக ஒரு நேரம் சாப்பிட்டதை நான் விரல் விட்டு எண்ணலாம். அறுபத்தாறு வயதில், வேற்று நாட்டில், இரண்டு அறையில், இப்போதுதான் அவரோடு குடித்தனம் நடத்துகிறேன். அவருக்குப் பூண்டு உரிப்பது பிடிக்கும் என்பதே எனக்கு ஆகஸ்டில்தான் தெரியும். சண்டையும் உண்டு. ஒரு முழு நாள் நாங்கள் பேசாமல் இருந்தோம், ஃபேன் வேகத்துக்காக. கோபித்துக்கொண்டு போய் இருக்க வேறு அறையும் இல்லை.

கிறிஸ்மஸுக்குப் பிள்ளைகள் எல்லாரும் ஊருக்குப் போய்விட்டார்கள். ஐந்து பேர் போக இடமில்லாமல் நின்றார்கள். கையில் கட்டோடு இவர் அவர்களுக்கு ரொட்டி சுட்டார். நான் மாவு குழைத்துக் கொடுத்தேன், அவர் ஒற்றைக் கையால் தட்டினார். ஒன்றும் வட்டமாக வரவில்லை. "சார், இது நாற்கரம்" என்றாள் ஒருத்தி. அவர் சந்தோஷத்தில் அவளுக்கு இரண்டு ரொட்டி கூடுதலாகப் போட்டார்.

அதனால் முந்தி வரச் சொல்லாதே. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இனித்தான் பொதுப் பரீட்சை, அதை விட்டுவிட்டு அவர் அசையமாட்டார். மே கடைசியில் விசா முடிகிறது, ஒரு நாள்கூடத் தாண்டமாட்டோம். வந்து இரண்டு கிழமைக்குள் வெளிநாட்டவர் என்று பதிவு செய்ய அலைந்த அலைச்சல் ஒன்றே போதும். அதற்குப் பிறகு நீ டிக்கெட் போடு, கனடாவுக்கு வருகிறோம். கோபத்தோடு அனுப்பிய காசு கிடைத்தது. அதில் கல்லடிப் பாசியைச் சுரண்டிக் கரடுமுரடாகச் சிமெந்து பூசியாகிவிட்டது. மிச்சத்துக்குக் கணக்கு வைத்திருக்கிறேன்.

சொக்லேட் அனுப்பாதே, உருகிக் குழம்பாகி வரும். உன் மகளின் பழைய கதைப்புத்தகங்கள் இருந்தால் யாராவது வரும்போது கொடுத்துவிடு, இங்கிலீஷ் வாசிக்க ஆசைப்படும் பிள்ளைகள் மூன்று பேர் இருக்கிறார்கள். அது மாத்திரமில்லை, அப்பாவின் பழைய மூக்குக்கண்ணாடியின் நம்பர் உன்னிடம் இருக்கிறதா பார். விழுந்த அன்று கண்ணாடியும் உடைந்தது. அதைச் சொல்ல இப்போதுதான் தைரியம் வந்தது.

31-ஆம் திகதி மாவுக்கட்டை வெட்டி எடுக்கிறார்கள். அன்று இரவு வீடியோவில் எடுக்கிறோம். இரண்டு கையையும் தூக்கிக் காட்டச் சொல்கிறேன்.

அம்மா

பி.கு. ஹொய்சிங்டன் கதையை அம்மா மிகவும் சுருக்கிவிட்டாள். போனில் விவரமாகச் சொல்கிறேன். என் கை சுகம். — அப்பா