நெடும் பயணத்தின் கடைசி வாரங்களுக்கும் ஒரு பக்கம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முதுகில் ஒரு பையுடன் மாதக்கணக்கில் பல நாடுகளைச் சுற்றி வருவோரைப் பற்றிய கட்டுரைகளைத் தங்கள் நாளிதழ் தொடர்ந்து வெளியிட்டு வருகிறது. எந்தப் பையை வாங்குவது, எத்தனை உடைகள் போதும், எந்த விசாவுக்கு முன்கூட்டியே விண்ணப்பிப்பது எனப் புறப்பாடு குறித்த செய்திகள் அவற்றில் நிறைந்திருக்கின்றன. பயணம் எவ்வாறு முடிகிறது என்பதைப் பற்றித்தான் எவரும் எழுதக் காணோம். பயணிகளும் தொடக்கத்துக்குக் காட்டும் அக்கறையில் ஒரு சிறு பங்கைக்கூட முடிவுக்குக் காட்டுவதில்லை. கையிருப்பு கரைந்த நாளிலோ விசாக் காலம் முடியும் நாளிலோ கிடைத்த விமானத்தில் ஏறிவிடுகிறார்கள். அத்தகைய பயணம் ஒன்றை முடித்துத் திரும்பியவன் என்ற முறையில், கடைசிச் சில வாரங்களையும் திரும்பிய பின் வரும் முதல் சில மாதங்களையும் பயணத்தின் பகுதியாகவே கருதித் திட்டமிட வேண்டும் என்று வற்புறுத்த விரும்புகிறேன்.

பணத்தையும் ஆவணங்களையும் பற்றிச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். திரும்புவதற்கான கட்டணத்தையும், வந்த பின் வருமானமின்றி ஓரிரு மாதங்கள் வாழ்வதற்கான தொகையையும் புறப்படும்போதே தனியே எடுத்து வைத்துவிட வேண்டும். பல கட்டங்கள் கொண்ட ஒரே விமானச் சீட்டில் நடுவில் ஒரு கட்டத்தைத் தவறவிட்டால், மீதமுள்ள கட்டங்களை விமான நிறுவனங்கள் பொதுவாக ரத்து செய்துவிடும் என்பது பலருக்குக் கடைசி நேரத்தில்தான் தெரியவருகிறது. ஐரோப்பாவில் தங்களுக்குள் எல்லைச் சோதனையை நீக்கிக்கொண்ட நாடுகள் சேர்ந்த ஷெங்கன் பகுதியில் குறுகிய காலம் தங்குவோருக்கான வரம்பு எந்த 180 நாட்களை எடுத்துக்கொண்டாலும் 90 நாட்கள்தான். இது நாட்டுக்கு நாடு புதிதாகத் தொடங்குவதில்லை. அந்தப் பகுதி முழுமைக்கும் சேர்த்தே எண்ணப்படுகிறது. நுழையும் நாளும் வெளியேறும் நாளும் கணக்கில் சேரும். பயணத்தின் இறுதியை ஐரோப்பாவில் வைத்துக்கொள்வோர் இந்தக் கணக்கை முதலிலேயே போட்டுப் பார்ப்பது நல்லது.

உடல்நலம் குறித்துச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது, ஏனெனில் பயணம் முடிந்துவிட்டது என்ற எண்ணமே இங்கு ஆபத்தாகிறது. மலேரியா பரவும் பகுதிகளில் தடுப்பு மாத்திரை உட்கொண்டவர்கள், அங்கிருந்து கிளம்பிய பிறகும் அதைத் தொடர வேண்டும். அடோவாகுவோன், புரோகுவானில் சேர்ந்த மாத்திரையானால் 7 நாட்களுக்கும், டாக்சிசைக்ளின் அல்லது மெஃப்ளோகுவினானால் 4 வாரங்களுக்கும் தொடர வேண்டும் என்பதே வழக்கமான மருத்துவ அறிவுரை. வீட்டுக்கு வந்ததும் பையோடு சேர்த்து மாத்திரையையும் மூலையில் போட்டுவிடுவோர் உண்டு. மலேரியாவில் உயிருக்கு ஆபத்தான ஃபால்சிபாரம் வகை பெரும்பாலும் கொசு கடித்த ஒரு மாதத்துக்குள் காய்ச்சலாக வெளிப்படும். வைவாக்ஸ் வகையோ கல்லீரலில் உறங்கிக் கிடந்து பல மாதங்கள் கழித்தும் தலைதூக்கக் கூடும். எனவே திரும்பிய ஓராண்டுக்குள் காய்ச்சல் வந்தால், எந்தெந்த நாடுகளில் இருந்தோம் என்பதை மருத்துவர் கேட்கும் வரை காத்திராமல் நாமே சொல்லிவிட வேண்டும். ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி போன்ற நன்னீர் நிலைகளில் நீந்தியவர்களுக்கு, நத்தைகள் வழியே பரவும் ஒட்டுண்ணி நோய் எந்த அறிகுறியும் இல்லாமல் இருக்கக் கூடும். சில வாரங்கள் கழித்துச் செய்யும் ரத்தப் பரிசோதனையில்தான் அது தெரியும். நாயோ குரங்கோ கடித்து வெளிநாட்டில் வெறிநோய்த் தடுப்பூசியைத் தொடங்கியவர்கள் மீதித் தவணைகளை ஊர் திரும்பிய பின்பும் தவறாமல் போட்டு முடிக்க வேண்டும். பயணக் காப்பீடு பெரும்பாலும் வீடு திரும்பியதோடு முடிந்துவிடும் என்பதால், சிகிச்சை பெற்ற இடங்களின் ரசீதுகளையும் மருத்துவக் குறிப்புகளையும் அந்தந்த நாட்டிலேயே கேட்டு வாங்கிக்கொள்வதும் அவசியம்.

இவற்றையெல்லாம் ஒழுங்காகச் செய்தவர்களையும் விடாமல் பிடிப்பது மனச்சோர்வு. இது இன்று நேற்று கண்டறியப்பட்டதன்று. அயல்நாட்டுக்குச் செல்வோரின் மனநிலை முதலில் உயர்ந்து, பிறகு தாழ்ந்து, மீண்டும் உயர்வதாக நார்வே நாட்டுச் சமூகவியலாளர் ஸ்வெர்ரே லிஸ்கார்ட் 1955இல் எழுதினார். திரும்பி வந்த பிறகு அதே தாழ்வு இன்னொரு முறை நேர்கிறது என்று 1963இல் ஜான் கல்லஹார்ன், ஜீன் கல்லஹார்ன் ஆகிய இருவரும் அந்தக் கருத்தை நீட்டித்தனர். இந்த வளைகோடு எல்லோருக்கும் பொருந்துவதில்லை என்று பின்னாளில் விமர்சனங்கள் எழுந்தன, அவை நியாயமானவையே. ஆயினும் நீண்ட பயணத்திலிருந்து திரும்பியவர்களிடம் பேசிப் பார்த்தால், இரண்டாம் தாழ்வு முதலாவதைவிடக் கடுமையாக இருந்ததாகச் சொல்வோர் பலர். அன்னிய நாட்டில் எல்லாம் புதிதாக இருக்கும் என்று எதிர்பார்த்தே போகிறோம். சொந்த வீடு அன்னியமாகத் தோன்றும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. அன்றாடம் எங்கே உறங்குவது, எந்தப் பேருந்தைப் பிடிப்பது என்று முடிவெடுத்துப் பழகிய மனம், முடிவெடுக்க ஏதுமில்லாத நாட்களில் தவிக்கிறது. கேட்பவர்களோ ஐந்து நிமிடங்களில் சலித்துவிடுகிறார்கள். அதற்காக அவர்களைக் குறை சொல்வது முறையன்று.

இங்குதான் கடைசி வாரங்களைப் பற்றிய என் கருத்து வருகிறது. உளவியலாளர் டேனியல் கானமன் 1993இல் தம் சக ஆய்வாளர்களுடன் வெளியிட்ட ஆய்வில், குளிர்ந்த நீரில் கையை 60 வினாடிகள் வைத்திருந்த அனுபவத்தைவிட, அதே 60 வினாடிகளோடு சற்றே குளிர் குறைந்த நீரில் மேலும் 30 வினாடிகள் நீடித்த அனுபவத்தையே பெரும்பாலோர் மீண்டும் தேர்ந்தெடுத்தனர். ஓர் அனுபவம் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதைவிட எப்படி முடிந்தது என்பதே நினைவில் அதிகம் தங்குகிறது என்பதை இது காட்டுகிறது. ஒன்றரை நிமிடச் சோதனையைப் பல மாதப் பயணத்தின் மீது அப்படியே ஏற்றுவது சரியாகாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். என்றாலும், விட்டுப்போன நகரங்களையெல்லாம் கடைசிப் பத்து நாட்களுக்குள் திணித்து, தூக்கமில்லாமல் இரவுப் பேருந்துகளில் ஓடி முடிப்பதைவிட, பிடித்துப்போன ஓர் ஊரில் தங்கி, நாட்குறிப்பை ஒழுங்குபடுத்தி, வழியில் உதவியவர்களுக்குக் கடிதம் எழுதி, திரும்பிய பின் செய்ய வேண்டிய வேலைகளைப் பற்றி யோசிப்பது மேல் என்றே கருதுகிறேன். அலுப்பு தட்டிவிட்டால் திட்டமிட்ட தேதிக்கு முன்பே திரும்புவதிலும் இழுக்கில்லை. முடிவே இல்லாமல் சுற்றிக்கொண்டிருப்பதுதான் உண்மையான பயணம் என்று சமூக ஊடகங்களில் பரப்பப்படும் எண்ணத்தை, அதை விளம்பரப்படுத்திச் சம்பாதிப்பவர்கள் வேண்டுமானால் நம்பட்டும்.

ஆகவே, தங்கள் பயணப் பக்கத்தில் திரும்பி வருவோருக்கென ஒரு பகுதியை ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். தொற்றுநோய் மருத்துவர் ஒருவரும், நீண்ட இடைவெளிக்குப் பின் வருவோரை வேலைக்கு எடுத்த அனுபவமுள்ள ஒருவரும் அதில் எழுதலாம். பயணிகளிடம் விமான நிலையத்தில் வந்து இறங்கிய அன்றே கருத்துக் கேட்காமல், ஆறு மாதங்கள் கழித்துக் கேட்டு வெளியிட்டால் இன்னும் பயனுள்ளதாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்