நாலு மணி நேரத் தூக்கம் போதாது

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஞாயிறு இணைப்பின் முதியோர் நலப் பக்கத்தில், "அறுபதைத் தாண்டினால் நாலு மணி நேரத் தூக்கமே போதும்" என்று அச்சிட்டிருக்கிறீர்கள். தங்கள் நாளிதழில் இதை எதிர்பார்க்கவில்லை. 65 வயதுக்கு மேலும் 7 மணி நேரமாவது தூங்க வேண்டும். வயதானால் ஆழ்ந்த தூக்கம் குறையும், நடுநடுவே விழிப்பு வரும். அதற்காகத் தேவை பாதியாகிவிடாது.

அந்த விழிப்பில்தான் லேசான பதற்றம் பிடித்துக்கொள்கிறது. மேட்டூரில் எத்தனை அடி, நாற்றங்காலுக்குத் தண்ணீர் வருமா, சிங்கப்பூரிலிருந்து பிள்ளை ஏன் இன்னும் பேசவில்லை. ஒரு மணிக்குக் கடிகாரத்தைப் பார்ப்பார்கள், ஒன்றரைக்கு மறுபடியும். அப்புறம் தூக்கம் வரவில்லையே என்பதே பெரிய கவலை. மறுநாள் மதியம் இரண்டு மணி நேரம் கண்ணயர்ந்தால் அன்றைய இரவும் போயிற்று. காலையில் சர்க்கரை மாத்திரை போட்டோமா என்ற குழப்பத்தில் இன்னொன்றையும் போட்டுக்கொண்டு, வியர்த்து மயங்கியவர்களைச் சுகாதார நிலையத்துக்குத் தூக்கிவருவார்கள். வீட்டிலோ 'வயசாயிடுச்சு' என்று விட்டுவிடுவார்கள். தாங்களும் அதையே எழுதினால் எப்படி?

போன தீபாவளிச் சமயம் இதே பக்கத்தில், தூக்கம் வர 'அரை மாத்திரை' போடும் யோசனை வந்தது. அல்பிரசோலம் போன்ற தூக்க மாத்திரைகள் முதியவர்களுக்குத் தள்ளாட்டம், மறதி, கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிவு வரை கொண்டுபோகும் என்பது தாங்கள் அறியாததல்ல. மருந்துச் சீட்டில்லாமல் விற்கக் கூடாத அதைக் கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கும் கடைகளைப் பற்றி ஒரு வரி எழுதியதுண்டா? மாதக்கணக்கில் போட்டவர்கள் திடீரென்று நிறுத்தவும் கூடாது. தூக்கம் முன்னைவிட மோசமாகும். மருத்துவர் சொற்படி கொஞ்சங்கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும்.

வீடு தேடி ரத்த அழுத்த மாத்திரை வரும் ஊரில், 'ராத்திரி தூங்கினீர்களா' என்ற கேள்வியும் கூட வரவேண்டும் என்று தாங்கள் எழுதியிருக்கலாம்.

எத்தனை மணிக்குத் தூங்கினாலும் ஒரே நேரத்தில் எழ வேண்டும். பகல் தூக்கம் அரை மணி, அதுவும் மூன்று மணிக்குள். காபி மதியத்தோடு சரி. படுத்து 20 நிமிடமாகியும் தூக்கம் வராவிட்டால் எழுந்துபோய் மங்கிய வெளிச்சத்தில் உட்கார்ந்து, கண் சொக்கிய பிறகே படுக்க வேண்டும். கடிகாரம் கண்ணில் படக் கூடாது. நீர் பிரியும் மாத்திரையைச் சாயங்காலம் போடுகிறவர்கள், காலைக்கு மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும். வாரத்தில் 3 இரவு வீதம் 3 மாதம் தூக்கம் கெட்டுக்கொண்டே போனால் சிகிச்சை அவசியம்.

அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் திருத்தம் போட்டு, அரசின் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையான டெலி மானஸ் எண் 14416-ஐயும் சேர்த்து அச்சிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்,
மன்னார்குடி.