உதவி டி செல்களை மறக்கலாமா?

ஐயா,

தடுப்பூசி பற்றிய தங்கள் கட்டுரை கிருமிகளை எதிர்க்க உடல் உருவாக்கும் எதிர்ப்பொருள்களை (ஆன்டிபாடி) மட்டுமே புகழ்ந்தது. அவற்றைச் சுரக்கும் பி செல்கள் என்ற வெள்ளை அணுக்களைத் தூண்டும் மற்றொரு வகை வெள்ளை அணுக்களான உதவி டி செல்களுக்கு ஒரு வரிகூட இல்லை. குழந்தைகளுக்கு மூளைக்காய்ச்சல், நிமோனியா போன்றவற்றை உண்டாக்கும் ஹிப் (Hib) என்ற பாக்டீரியாவின் சர்க்கரை உறையை மட்டும் ஊசியில் செலுத்தினால், புரதத் துணுக்குகளையே அடையாளம் காணும் இச்செல்கள் அசைவதில்லை என்பதால், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் நீடித்த எதிர்ப்பாற்றல் உருவாவதில்லை. உறையோடு ஒரு புரதத்தைப் பிணைத்ததும் நிலைமை மாறிற்று. 2011 இறுதியில் நம் மாநிலத்தில் அறிமுகமான, ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவேலன்ட் தடுப்பூசியின் ஹிப் பகுதி இந்த உத்தியால்தான் பலன் தருகிறது. '6, 10, 14 வாரங்களில் அதே ஊசியை மூன்று முறை போடுவது எதற்கு?' என்று எங்கள் பகுதித் தாய்மார்கள் கேட்பது நியாயமான கேள்வியே. ஒவ்வொரு தவணையிலும் உதவி டி செல்களின் துணையோடு, கிருமியை நினைவில் வைத்திருக்கும் நினைவுச் செல்கள் வலுப்பெறுகின்றன என்பதையும் கட்டுரையாளர் விளக்கியிருக்கலாம்.

– வாசகர், பென்னாகரம், தருமபுரி மாவட்டம்